பன்னிரண்டாம் அறை மயோர்க்காவுக்குப் போனது

ஜேர்மனியின் ஹம் நகரத்தில் ஒரு தமிழ் வீட்டில் கொண்டாட்டம் என்றால் முதலில் மண்டபம் பார்ப்பார்கள், அடுத்ததாக எனக்குப் போன் எடுப்பார்கள். விபரம் தெரிந்தவர்கள் எனக்கு எடுத்துவிட்டுத்தான் மண்டபமே பார்ப்பார்கள். கதிரை, மணவறை, சமையல் கிடாரம், சோறு, கறி, பாயசம், வீடியோக்காரனுக்குத் தனியாக எடுத்து வைக்கும் சாப்பாடு வரை எல்லாம் என் பொறுப்பு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இந்த நாட்டில் கோப்பை கழுவத் தொடங்கி இன்றைக்கு இரண்டு வானும் ஒரு கிடங்கும் வைத்திருக்கிறேன். ஆயிரம் பேருக்குப் பந்தி வைத்த இடத்தில்கூட ஒரு வாழைப்பழம் குறைந்தது என்று யாரும் சொன்னதில்லை. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அப்படிப்பட்ட நான் நான்கு பேரைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போக ஒழுங்கு செய்தபோது பட்ட பாடுதான் இந்தக் கதை.

நாங்கள் நான்கு பேரும் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதி விடுதியில் ஒரே அறையில் கிடந்தவர்கள். அறை இலக்கம் பன்னிரண்டு. இரண்டு இரட்டைத் தட்டுக் கட்டில்கள், ஒரு யன்னல், ஒரு மின்சார அடுப்பு. ஒருவன் மன்னார்க்காரன், கத்தோலிக்கன், எங்களில் இளையவன், இன்றைக்கும் இரும்புத் தொழிற்சாலையில் வேலை. இன்னொருவன் டுசல்டோர்ஃபில் டாக்சி ஓட்டுகிறான், வாயும் வண்டியும் ஒரே வேகம். மற்றவன் என் கட்டிலுக்குக் கீழ்க்கட்டிலில் படுத்தவன். என் கூட்டாளி என்று நான் சொன்னால் அவனைத்தான். காலை வேலைக்குப் போகிறவர்களை எழுப்புவது அந்த நாளில் அவனுடைய உத்தியோகம். சட்டி மூடியை எடுத்து அகப்பையால் அடிப்பான். "எழும்புங்கோடா, ஜேர்மன்காரன் பாத்துக்கொண்டு நிக்கிறான்" என்று கத்துவான். பக்கத்து அறை ஆப்கானிஸ்தான்காரர்களும் அந்தச் சத்தத்தில்தான் எழும்பினார்கள்.

நான் கோப்பை கழுவிய உணவகத்தின் நிலக்கீழ் அறையில் ஒரு கெகல் பாதை இருந்தது. மரக்குண்டை உருட்டி ஒன்பது கட்டைகளை விழுத்தும் விளையாட்டு. அதற்கென்று ஒரு சங்கம் இருந்தது. எல்லாம் வயிறு வைத்த கிழவர்கள். ஒவ்வொரு கோடையிலும் அந்தக் கூட்டம் ஒரே நிற ரீசேட் போட்டுக்கொண்டு மயோர்க்காவுக்குப் போகும். மயோர்க்கா என்றால் ஸ்பெயின் நாட்டுத் தீவு. பேர்தான் ஸ்பெயின், அந்தக் கடற்கரையில் கேட்கிற பாட்டு டொச், அதாவது ஜேர்மன், குடிக்கிற பியர் டொச், ஏசுகிற ஏச்சும் டொச். ஒரு கிழமை கழித்துத் திரும்பி வரும்போது அவர்கள் எல்லோரும் அவித்த இறால் மாதிரிச் சிவந்திருப்பார்கள். ஒருமுறை அவர்களில் ஒருவர் எனக்கென்று ஒரு வைக்கோல் தொப்பி கொண்டுவந்து ஈரத் தலையில் வைத்துவிட்டார்.

அந்தத் தொப்பியோடுதான் அன்று அறைக்குப் போனேன். எங்களுக்கு அப்போது மாவட்ட எல்லையைத் தாண்டுவதற்கே அனுமதி வேண்டும். அடுத்த ஊரில் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்றாலும் கந்தோரில் போய் நிற்க வேண்டும். தொப்பியை நான்கு பேரும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். "ஒருநாள் நாங்களும் போவம், ஒரே ரீசேட்டோட" என்று சொன்னவன் என் கூட்டாளிதான்.

பிறகு விசா வந்தது, வேலை வந்தது, கலியாணம் வந்தது, பிள்ளைகள் வந்தார்கள், பிள்ளைகளுக்கு நீச்சல் வகுப்பு வந்தது. ஊருக்கும் கனடாவுக்கும் லண்டனுக்கும் போனோம். செத்தவீட்டுக்கும் கலியாணவீட்டுக்கும் போனோமே தவிர கடலில் கால் நனைக்க என்று ஒரு இடமும் போனதில்லை. மயோர்க்கா பேச்சு மட்டும் ஒவ்வொரு புது வருசத்துக்கும் வரும், மத்தியானச் சாப்பாட்டோடு போய்விடும்.

மூன்று வருசத்துக்கு முன்னர் நான்தான் அதைப் பேச்சில் இருந்து திட்டமாக்கினேன். கூட்டாளியின் வீட்டில் வைத்து அறிவித்தேன். அவனுடைய மனைவி குசினிக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருந்தவ, கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றா.

"நாலு கிழடுகளும் காற்சட்டையோட கடற்கரையிலை நிக்கப் போறியளோ?" என்று கேட்டா.

"நிண்டால் என்ன?" என்றேன்.

"நில்லுங்கோ, நில்லுங்கோ. ஏன், பொம்பிளையளுக்குக் கடல் தண்ணி உவர்க்காதோ?"

"இது ஆம்பிளையளின்ரை பயணம், தங்கச்சி. பன்னிரண்டாம் அறைக்காரரின்ரை பயணம்."

"பன்னிரண்டாம் அறைக்குச் சோறும் கறியும் ஆர் அனுப்பினது? நீங்களே அவிச்சுத் தின்றனியள்?"

அது உண்மைதான். கலியாணம் முடித்து முதலில் வந்த பெண் அவதான். நாங்கள் மற்ற மூன்று பேரும் அந்த வீட்டுச் சோற்றில்தான் ஆளானோம். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். அந்த வருசம் டாக்சிக்காரனுக்கு முழங்கால் ஒப்பரேசன், அடுத்த வருசம் எனக்கு மகளின் கலியாணம். அதற்கடுத்த வருசம், ஆவணி மாதம் பிறந்த கையோடு, கூட்டாளியின் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டா. காலையில் தலையிடி என்றா, பின்னேரம் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது.

அதற்குப் பிறகு கூட்டாளி வீட்டை விட்டு வெளிக்கிடவில்லை. ஒரு வருசத்துக்குத் துடக்கு, தீட்டு என்று கோயிலுக்கோ கொண்டாட்டத்துக்கோ வராமல் இருப்பது எங்கள் முறைதான். ஆனால் இவன் கடைக்கும் வரவில்லை, என் கிடங்குக்குத் தேத்தண்ணி குடிக்கவும் வரவில்லை. போன் எடுத்தால் "ஓம்", "இல்லை", "சாப்பிட்டன்", அவ்வளவுதான். எர்லாங்கனில் என்ஜினியராக இருக்கும் அவனுடைய மகன் எனக்குப் போன் எடுத்து அழுதான். "மாமா, அப்பா என்னோட வரவும் மாட்டன் எண்டுறார், அங்கை இருந்து கதைக்கவும் மாட்டன் எண்டுறார். ஏதாவது செய்யுங்கோ மாமா."

ஏதாவது செய்வது என்றால் அது நான்தான். அன்றைக்கே முடிவெடுத்தேன். மயோர்க்கா. அவனைக் கொண்டுபோய்ச் சனத்துக்கு நடுவில் இறக்கினால்தான் ஆள் திரும்பி வருவான். வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவன் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவ வளர்த்த மிளகாய்க் கன்றுகள் யன்னல் விளிம்பில் நின்றன. தண்ணீர் மட்டும் ஒழுங்காக ஊற்றி வைத்திருந்தான்.

"ஆட்டை முடியட்டும். அதுக்குப் பிறகு எண்டால் வாறன்" என்றான்.

ஆட்டை என்றால் ஆட்டைத் திவசம், செத்தவருக்கு முதல் வருசம் முடியும்போது செய்வது. அது முடிந்தால் துடக்கு நீங்கும். "திகதியை வடிவாப் பாத்துச் செய்" என்றும் சொன்னான்.

"உனக்கேன் அது? திகதி பாக்கிறது என்ரை தொழில்" என்றேன்.

அதற்குப் பிறகு என் கிடங்கு மயோர்க்கா அலுவலகமாக மாறிவிட்டது. மகள் கணினியில் ஹோட்டல்களைக் காட்டினாள். அமைதியான விரிகுடா, ஒலிவ் தோட்டம், யோகா என்று ஒன்றைக் காட்டினாள்.

"இது ஆக்கள் சாகப் போற இடம் மாதிரிக் கிடக்கு. சத்தம் உள்ள இடத்தைக் காட்டு" என்றேன்.

"அப்பா, சத்தம் உள்ள இடம் எண்டால் இருவது வயசுப் பெடியள் வாளியிலை ஸ்ட்ரோ போட்டுக் குடிக்கிற இடம்."

"அதைத்தான் கேக்கிறன்."

கடற்கரைக்கு நேர் எதிரே, இரண்டு டிஸ்கோ ஆட்ட மண்டபங்களுக்கு நடுவில் ஒரு ஹோட்டல் கிடைத்தது. மூன்று நேரச் சாப்பாடும் குடியும் விலைக்குள்ளே அடக்கம். டாக்சிக்காரன் அதைக் கேட்டவுடன் "மச்சான், நீ மனுசனடா" என்றான். மன்னார்க்காரன் மட்டும் "அண்ணை, கிட்ட ஒரு தேவாலயம் இருக்கோ?" என்று கேட்டான். இருந்தது. என் ஒழுங்கில் தேவாலயமும் இருக்கும்.

ரீசேட் நிறத்துக்கு இரண்டு கிழமை சண்டை. டாக்சிக்காரன் மஞ்சள் என்றான், தன்னுடைய உதைபந்தாட்டக் கழகத்தின் நிறம் நீலம் என்று மன்னார்க்காரன் நீலம் என்றான். நான் பச்சை என்று முடித்தேன், என் வான்களின் நிறம் பச்சை. முதுகில் என்ன எழுதுவது என்பதில்தான் சண்டையே இல்லை. டொச்சில் "அறை பன்னிரண்டு". அவ்வளவுதான்.

ஒரு விசயத்தில் மட்டும் எல்லோரும் என்னைப் பகிடி பண்ணினார்கள். நான் றைஸ் குக்கரையும் பெட்டியில் வைக்கப் போகிறேன் என்று சொன்னேன்.

"மூண்டு நேரமும் சாப்பாடு தாற இடத்துக்கு றைஸ் குக்கரோ?" என்றான் டாக்சிக்காரன். "பேந்து இடியப்ப உரலையும் வை. அம்மியை நான் தூக்கிறன்."

"சிரி, சிரி. நாலாம் நாள் பாணும் சொசேச்சும் தொண்டைக்குள்ளை நிக்கேக்கை என்ரை கதவைத்தான் தட்டுவாய்."

"என்னப்பா, பிளேனிலை விடுவினமோ?" என்று என் மனைவியும் கேட்டா. எவ்வளவோ கிடாரங்களைச் சுங்கம் தாண்டிக் கொண்டுவந்தவன் நான். ஒரு றைஸ் குக்கருக்குப் பயப்படுவேனா?

இப்போது திகதிக்கு வருகிறேன். திவசம் ஜேர்மன் நாட்காட்டித் திகதியில் வராது, திதியில்தான் வரும். திதி நிலவைப் பார்த்து நடக்கும். வருசா வருசம் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடும். இது நான் எத்தனையோ வீடுகளுக்குத் திவசச் சமையல் செய்து கண்டறிந்த உண்மை. ஆகவே அவ இறந்த திகதியை எடுத்தேன். திதி அதற்கு முன்னரே வந்து போய்விடும், அதற்கும் மேலே இரண்டு கிழமை விட்டால் துடக்கு, களைப்பு, சொந்தக்காரர் எல்லாம் போய்விடும். அப்படிக் கணக்குப் பார்த்து விமானமும் ஹோட்டலும் எடுத்தேன். மன்னார்க்காரனின் தொழிற்சாலை விடுமுறையும் அதே கிழமைக்குள் விழுந்தது. இதைவிட நல்ல ஒழுங்கை யாரும் செய்ய முடியாது என்று மனைவிக்குச் சொன்னேன், மகளுக்குச் சொன்னேன், மரக்கறிக் கடைக்காரனுக்கும் சொன்னேன்.

ஆடி மாதம் கூட்டாளியின் மகன் போன் எடுத்தான். அம்மாவுக்குக் கொள்ளி வைத்தவன் அவன், திவசமும் அவன்தான் செய்ய வேண்டும். வேலையில் லீவு போடுவதற்காக ஐயரிடம் நாளைக் கேட்டிருக்கிறான்.

"மாமா, நீங்கள் பயணம் போற கிழமை எது?"

சொன்னேன்.

"மாமா, ஆட்டை அந்தக் கிழமைக்கு நடுவிலைதான் வருது."

"உனக்கு ஆர் சொன்னது?"

"ஐயர்."

உடனே ஐயருக்கு எடுத்தேன். அவருடைய மகளின் கலியாணத்துக்குப் பந்தி வைத்தவன் நான், உரிமையோடு கேட்கலாம்.

"ஐயா, திதி முந்தியெல்லோ வரும்?"

"வாறதுதான். ஆனால் எல்லா வருசமும் இல்லை" என்றார். "அவ போனது ஆவணி தொடக்கத்திலை. இந்த வருசம் பத்து நாள் முந்தினால் அது ஆடிக்குள்ளை போயிடும். ஆவணித் திதியை ஆவணியிலைதானே செய்யவேணும்? அதாலை அடுத்த நிலவுக்குத் தள்ளிப் போகுது. நீங்கள் நாள் குறிக்கிறதுக்கு முதல் என்னை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்."

கேட்டிருக்கலாம்தான். ஆனால் நிலவு இப்படி மாதக் கணக்கைப் பார்த்து நடக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. நான் சமைத்த திவசங்கள் எல்லாம் மாத நடுவில் வந்தவை போல.

கூட்டாளிக்கு நானே சொல்ல வேண்டியிருந்தது. அவன் கோபித்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "சரி மச்சான். எனக்கு அது எழுதேல்லை. நீங்கள் மூண்டு பேரும் போட்டு வாங்கோ" என்றான். போனை வைத்துவிட்டான். அடுத்த நாள் எடுத்தேன், எடுக்கவில்லை. அதற்கடுத்த நாளும் எடுக்கவில்லை.

மூன்று பேரும் கிடங்கில் கூடினோம். கதிரை அடுக்குகளுக்கு நடுவில் அச்சடித்து வைத்த நான்கு பச்சை ரீசேட்டுகளும் மேசையில் கிடந்தன. பயணத்தைத் தள்ளிப் போடலாமா என்றால் மன்னார்க்காரனின் தொழிற்சாலை விடாது. இலையுதிர் காலத்துக்குப் போகலாமா என்றால் அந்தக் கடற்கரை கடையைப் பூட்டிவிடும்.

"எங்கடை சமயத்திலை இந்தக் கரைச்சல் இல்லை அண்ணை" என்றான் மன்னார்க்காரன். "நவம்பரிலை ஒரு நாள். செத்த எல்லாருக்கும் சேர்த்து ஒரே பூசை. நிலவைப் பாக்கத் தேவையில்லை."

"அப்ப உன்ரை சமயத்துக்கு அவனை மாத்து" என்றான் டாக்சிக்காரன். பிறகு அவனே ரீசேட் ஒன்றை எடுத்து மடித்து வைத்தான். "அவன் இல்லாமல் மூண்டு பேர் போறதெண்டால் என்னத்துக்கு? நான் மூண்டு பேரை ஒவ்வொரு நாளும் எயார்போட்டுக்கு ஏத்திறன்."

அப்போது தேத்தண்ணியோடு வந்த என் மனைவி தட்டை வைத்துவிட்டுச் சொன்னா. "கடல் இருக்கிற இடத்துக்குத்தானே போறியள்? ஊரிலை திவசம் எங்கை செய்யிறனாங்கள்? கடற்கரையிலைதானே? இஞ்சை கடல் இல்லாததாலை வீட்டிலை செய்யிறம். மகனையும் கூட்டிக்கொண்டு போய் அங்கை செய்யுங்கோவன்."

அந்த யோசனை எனக்கும் வந்துகொண்டுதான் இருந்தது. அவ ஒரு நிமிசம் முந்திவிட்டா.

ஐயரிடம் கேட்டேன். கடல் எந்த நாட்டில் இருந்தாலும் கடல்தான் என்றார். தனக்கு அந்தக் கிழமை கோயில் வேலை, வர ஏலாது, ஆனால் போனில் முகம் பார்த்து மந்திரம் சொல்லித் தருவதாக ஒப்புக்கொண்டார். மகன் தன் ஊருக்குப் பக்கத்து நூர்ன்பெர்க்கில் இருந்து விமானம் எடுக்கலாம் என்றான். எல்லாம் பொருந்தி வந்தது. ஒழுங்கை முடித்துக்கொண்டு கூட்டாளியின் வீட்டு மணியை அடித்தேன். நெடுநேரம் அடித்த பிறகுதான் திறந்தான்.

குசினியில் இருந்தோம். நான் முழுத் திட்டத்தையும் சொன்னேன். திவசம் முடியும் வரைக்கும் எங்கள் நான்கு பேருக்கும் மச்சம் மாமிசம் இல்லை, பியர் இல்லை, ஆட்ட மண்டபப் பக்கம் தலை வைத்துப் படுப்பதும் இல்லை. மன்னார்க்காரனும் அதற்குச் சம்மதம். விடியக் காலையில் கடற்கரையில் சனம் இருக்காது. இலை, எள்ளு, தர்ப்பை எல்லாம் நான் கொண்டு வருவேன். அவன் முழுவதையும் கேட்டான்.

"மச்சான், குடிச்சுப்போட்டு மண்ணிலை விழுந்து கிடக்கிற ஆக்களுக்கு நடுவிலை அவளுக்குத் திவசமோ?" என்றான்.

நான் எந்த மண்டபக்காரனோடும் எந்த மாப்பிள்ளை வீட்டோடும் கதைத்து வென்றவன். ஆனால் அன்றைக்கு அந்த மிளகாய்க் கன்றுகளைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஒன்றில் ஒரு காய் சிவந்திருந்தது. அவன் சொன்னது சரி. நான் தெரிவு செய்தது அப்படிப்பட்ட இடம்தான், அதுவும் மகள் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல. இனி ஹோட்டலை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகலாம் என்று எழும்பினேன்.

அவன் என்னைப் பார்க்காமலே கதைத்தான். "அண்டைக்கு இந்த இடத்திலை நிண்டுதானே உன்னைக் கேட்டவள்?"

"என்ன கேட்டவ?"

"பொம்பிளையளுக்குக் கடல் தண்ணி உவர்க்காதோ எண்டு."

"ஓம்."

"நீ என்ன சொன்னனீ?"

"ஆம்பிளையளின்ரை பயணம் எண்டு சொன்னனான்."

அவன் தலையை ஆட்டினான். வாயின் ஒரு பக்கம் இழுபட்டது. அழப்போகிறான் என்று நினைத்தேன்.

"அவள் விட்டாளோ மச்சான்? நாங்கள் தனியப் போறது அவளுக்குப் பிடிக்கேல்லை. திவச நாளைத் தள்ளிப் போட்டு, தானும் வெளிக்கிட்டிட்டாள்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். ஒரு வருசமாகச் சிரிக்காத தொண்டை, இருமல் மாதிரித்தான் வந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. இரண்டு கிழவர்கள் குசினியில் இருந்து சிரிக்கிற சத்தம் கேட்டு மேல்வீட்டு ஜேர்மன் மனுசி நிலத்தைத் தட்டினா.

"ரீசேட் எத்தினை அடிச்சனீ?" என்று கேட்டான்.

"நாலு."

"இன்னொண்டு அடி. சின்னச் சைஸ். அவளின்ரை அளவு உன்ரை மனுசிக்குத் தெரியும்."

அப்படித்தான் பன்னிரண்டாம் அறை மயோர்க்காவுக்குப் போனது. டுசல்டோர்ஃப் விமான நிலையத்தில் பச்சை ரீசேட்டோடு நான்கு பேரும் நின்றோம், என் தலையில் அந்தப் பழைய வைக்கோல் தொப்பி. சோதனைக்காரன் றைஸ் குக்கரைத் திறந்து, மூடி, என்னைப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன். விட்டுவிட்டான்.

அந்த ஹோட்டலில் முதல் மூன்று நாளும் எங்களைப் போல நல்ல விருந்தாளிகளைக் கண்டிருக்க மாட்டார்கள். குடியெல்லாம் விலையோடு சேர்த்திருக்க நாங்கள் எலுமிச்சைத் தண்ணீர் குடித்தோம். இறைச்சி அடுக்கிய மேசைகளைத் தாண்டிப் போய் உருளைக்கிழங்கும் கரட்டும் எடுத்தோம். பரிமாறுகிற பெண் டாக்சிக்காரனைப் பார்த்து, ஐயாவுக்கு வயிறு சரியில்லையா என்று கேட்டாள். "மனம் சரியில்லை, பிள்ளை" என்று அவன் தமிழில் பதில் சொன்னான். இரவில் இரண்டு பக்கத்து மண்டபங்களிலும் பாட்டு இடிக்கும். கூட்டாளி கட்டிலில் படுத்தபடி, "சத்தம் உள்ள இடம் எண்டு கேட்டு எடுத்தவன் நீதானே" என்பான். அவன் என்னைக் குத்திக் கதைப்பது எனக்குத் தேன் மாதிரி இருந்தது.

திவச நாள் காலை மணலை வாரித் துப்பரவாக்கும் வண்டி போய்விட்டிருந்தது. இரவு ஆடியவர்கள் சிலர் இன்னும் மண்ணில் கிடந்தார்கள், அவர்களை விலத்தி ஒரு ஓரத்துக்குப் போனோம். முந்தின நாள் வந்து சேர்ந்திருந்த மகன் வேட்டி கட்டியிருந்தான். அம்மாவின் சின்னச் சைஸ் ரீசேட் அவனுக்குக் கொள்ளாது, அதைத் தோளில் சால்வையாகப் போட்டிருந்தான். பிண்டத்துக்கான சோறு நான் விடிய எழும்பிக் குளித்துவிட்டு அவித்தது. றைஸ் குக்கரில்தான். டாக்சிக்காரன் அதைச் சுமந்துகொண்டு வந்தான், ஒரு சொல்லும் சொல்லவில்லை. நானும் அந்த நேரம் ஞாபகப்படுத்தவில்லை, பின்னேரம் ஞாபகப்படுத்தினேன்.

மன்னார்க்காரன் போனைப் பிடித்தான், ஐயர் ஹம்மில் இருந்து சொல்லச் சொல்ல மகன் சொன்னான். கூட்டாளி பக்கத்தில் இருந்து எள்ளை எடுத்துக் கொடுத்தான். அப்போது இளஞ்சிவப்பு ரீசேட் போட்ட ஜேர்மன் பெண்கள் கூட்டம் ஒன்று, யாரோ ஒருத்திக்குக் கலியாணமாம், பாடிக்கொண்டு வந்தது. எங்களைக் கண்டு நின்றார்கள். ஒருத்தி மெதுவாக வந்து என்னிடம் என்ன இது என்று கேட்டாள். கூட்டாளியைக் காட்டி, அவனுடைய மனைவி, இன்றைக்கு ஒரு வருசம் என்று சொன்னேன். அவள் போய் மற்றவர்களிடம் சொன்னாள். தலையில் வைத்திருந்த மினுங்கல் கிரீடங்களைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அவர்கள் அப்படியே நின்றார்கள். மகன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பிண்டத்தை விட்டான். கூட்டாளியும் இறங்கினான். கடல் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தான்.

"உவர்க்குதுதான்" என்றான்.

அன்றைக்குப் பகல் முழுவதும் நித்திரை கொண்டான். மகன் பின்னேர விமானத்தில் போய்விட்டான், திங்கட்கிழமை வேலை. நாங்கள் மற்ற மூன்று பேரும் மெல்லக் கதைத்துக்கொண்டு பல்கனியில் இருந்தோம். துடக்கு நீங்கிவிட்டது, ஆனால் அவன் எழும்பி எங்களோடு வருவானா, அல்லது இங்கேயும் யன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பானா என்று ஒருவருக்கும் தெரியாது.

அடுத்த நாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் ஹோட்டல் நடைபாதையில் இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். உலோகத்தில் உலோகம். கண்ணைத் திறந்தால் பக்கத்துக் கட்டில் வெறுமையாக இருந்தது, மேசையில் றைஸ் குக்கரும் இருந்தது, மூடியைக் காணவில்லை.

"எழும்புங்கோடா! ஜேர்மன்காரன் பாத்துக்கொண்டு நிக்கிறான்! கடலுக்குப் போற நேரம்!"

இரவு முழுக்கக் குடித்துவிட்டுப் படுத்த பெடியன்கள் கதவுகளுக்குள் இருந்து டொச்சில் தூசணத்தால் ஏசினார்கள். டாக்சிக்காரன் பக்கத்து அறையில் இருந்து தமிழில் ஏசினான். சத்தம் எங்கள் கதவடிக்கு வந்தது, நின்றது. "டேய், நீ முழிப்போ?" என்று கேட்டான்.

நான் முழிப்புத்தான். ஆனால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக் குறட்டை விட்டேன். அப்படிச் செய்தால்தான் இன்னொருமுறை அடிப்பான்.

அடித்தான்.